மூன்று ஏக்கர் கல்லாங்காட்டில் ஒரு குவாரி: அனுமதி வாங்கும்போது தெரிந்துகொண்டவை

கரூர் மாவட்டம் அரவக்குறிச்சிக்கு மேற்கே எங்கள் குடும்பத்துக்கு மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு காடு, அதாவது மானாவாரி நிலம், இருக்கிறது. மேலே ஒரு முழம் மண், கீழே கொஞ்சம் கிராவல், அப்புறம் முழுக்கப் பாறை. சோளம் விதைத்தால் நல்ல மழை பெய்த வருடத்தில்தான் ஏதாவது மிஞ்சும். ஜல்லிக்கும் எம் சாண்டுக்கும் நன்றாக வரும் கல் அது. மச்சானும் நானும் சேர்ந்து அங்கே சின்னதாக ஒரு கல்குவாரி போட முடிவெடுத்து, சுற்றுச்சூழல் அனுமதி வாங்கி, இப்போது ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

இதே யோசனையில் இருப்பவர்கள் என்னிடம் வந்து முதலில் கேட்பது "யாரைப் பார்க்கணும், எவ்வளவு ஆகும்?" என்றுதான். யாரையும் பார்ப்பதற்கு முன்னால் டேப்பை எடுத்துக்கொண்டு காட்டைச் சுற்றி நடங்கள் என்று சொல்வேன். அனுமதி கிடைக்குமா என்பதில் பாதிக்கு மேல் நிலம் இருக்கும் இடத்தை வைத்தே முடிவாகிவிடுகிறது. மீதி, பக்கத்துக் காட்டுக்காரர்களிடம் நீங்கள் எப்போது, எப்படிப் பேசுகிறீர்கள் என்பதில் இருக்கிறது. ஃபைல், போர்ட்டல், சென்னைப் பயணம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சின்னக் குவாரிக்கு எதற்கு இவ்வளவு என்று பலருக்கு ஒரு எண்ணம் உண்டு. முன்பு 5 ஹெக்டேருக்குக் கீழே இருந்தால் சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படவில்லை. 2012 பிப்ரவரி 27-ல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, எவ்வளவு சின்னக் குவாரிக் குத்தகையாக இருந்தாலும் அனுமதி வேண்டும் என்றாகிவிட்டது. அந்த வழக்கின் நியாயம் எனக்குப் பிடித்திருக்கிறது. பெரிய இடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சின்னது என்று காட்டி, மொத்த ஊரையும் தோண்டிவிடக்கூடாது என்பதுதான் அது. எங்கள் வட்டாரத்தில் அப்படித் தோண்டிப் போட்ட பள்ளங்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

சரி, டேப்புக்கு வருவோம். தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகளில் 300 மீட்டர் என்று ஒன்று இருக்கிறது. குடியிருப்பிலிருந்து அந்தத் தூரத்துக்குள் கல் குவாரிக்குக் குத்தகை கிடையாது. குடியிருப்பு என்று விதி சொல்வது வருவாய்க் கணக்கில் நத்தம், மனை என்று இருப்பதையும் அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவையும்தான். ஆனால் கொங்குப் பக்கம் ஊருக்குள் இருக்கிற வீடுகளைவிடத் தோட்டத்துச் சாளைகள்தான், அதாவது தோட்டத்திலேயே கட்டிக் குடியிருக்கும் வீடுகள்தான் அதிகம். அவை நத்தத்தில் வராது. 'கணக்கில் இல்லை, நமக்குப் பிரச்சினை இல்லை' என்று ஒருவர் எங்களுக்கு ஆலோசனை சொன்னார். அதைக் கேட்காதீர்கள். அனுமதியைப் பரிசீலிக்கும் மாநில வல்லுநர் குழு 50, 100, 200, 300, 500 மீட்டர் என வட்டம் வட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் என்ன கட்டடம், யார் வீடு, எத்தனை பேர் குடியிருக்கிறார்கள், கோயில் இருக்கிறதா, ஷெட் இருக்கிறதா என்று கேட்கிறது. சாளையை மறைத்தால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள். அதைவிட முக்கியம், வெடிச் சத்தத்தில் தூக்கிவாரிப் போட்டு எழப்போகும் குழந்தைகள் அந்தச் சாளையில்தான் இருக்கிறார்கள்.

நாங்கள் விஏஓவிடம் சான்று கேட்பதற்கு முன்பே புலப்பட நகலைக் கையில் வைத்துக்கொண்டு எல்லைக்கல் எல்லைக்கல்லாக நடந்தோம். கிணறு, போர், சாளை, ஓடை, வண்டிப்பாதை, மின்கம்பம் எல்லாவற்றையும் போனில் ஜிபிஎஸ் புள்ளியாகக் குறித்துக்கொண்டோம். எல்லைக்கல்லில் ஒன்று வேலி முள்ளுக்குள் சாய்ந்து கிடந்தது. அதைச் சர்வேயரை வைத்து நட்ட பிறகுதான் விண்ணப்பமே போட்டோம். இந்த நடைக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. பின்னால் எல்லா அறிக்கைக்கும் இதுதான் அடிப்படை.

அடுத்தது 500 மீட்டர். உங்கள் எல்லையிலிருந்து 500 மீட்டருக்குள் வேறு குவாரிகள் இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தொகுப்பாக, அதாவது கிளஸ்டராகக் கணக்கிடுவார்கள். 2013 செப்டம்பர் 9-க்குப் பிறகு கொடுக்கப்பட்ட குத்தகைகள் இந்தக் கணக்கில் வரும். மொத்தம் 5 ஹெக்டேருக்குள் இருந்தால் பி-2 பிரிவு; படிவம், சுரங்கத் திட்டம், சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டம் ஆகியவற்றோடு வேலை முடியும். 5 ஹெக்டேரைத் தாண்டினால் பி-1. அப்போது முழுச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை, மூன்று மாதக் கள அளவீடு, பொதுமக்கள் கருத்துக் கேட்பு எல்லாம் சேர்ந்துகொள்ளும். காலமும் செலவும் இரண்டு மூன்று மடங்காகும். எங்கள் நிலம் 1.20 ஹெக்டேர்தான். ஆனால் பக்கத்தில் இருந்த இரண்டு குவாரிகளைச் சேர்த்ததும் 5-ஐத் தாண்டிவிட்டது. கனிமவளத் துறை உதவி இயக்குநர் அலுவலகம் தரும் 500 மீட்டர் கடிதத்தில்தான் இது அதிகாரபூர்வமாகத் தெரியும். நிலத்தை விலைக்கோ குத்தகைக்கோ வாங்கப் போகிறவர்கள் இந்தக் கடிதத்தில் என்ன வரும் என்று தெரியாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

இப்போது கல் கணக்கு. இதில்தான் பலருடைய கனவு உடைகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

120 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 1.20 ஹெக்டேர். 30 மீட்டர் ஆழம் வரை எடுக்கலாம் என்றால் மனசு உடனே பெருக்கிப் பார்க்கும்: 3 லட்சத்து 60 ஆயிரம் கன மீட்டர். அவ்வளவு கிடைக்காது. பக்கத்துப் பட்டா நிலத்துக்கு 7.5 மீட்டர், வண்டிப்பாதைப் பக்கம் 10 மீட்டர் என்று பாதுகாப்பு இடைவெளி விட வேண்டும். மூன்று பக்கம் பட்டா, ஒரு பக்கம் பாதை என்றால் உள்ளே மிஞ்சுவது 105-க்கு 82.5. அதையும் நேராகக் குடைய முடியாது. 5 மீட்டர் உயரம், 5 மீட்டர் அகலம் என்று தெப்பக்குளத்துப் படிக்கட்டு மாதிரி பெஞ்ச் விட்டு இறங்க வேண்டும். ஒவ்வொரு பெஞ்சிலும் நான்கு பக்கமும் 5 மீட்டர் உள்ளே போவதால் இரண்டாவது பெஞ்ச் 95-க்கு 72.5 ஆகும், மூன்றாவது 85-க்கு 62.5. ஆறாவது பெஞ்சில் 55-க்கு 32.5 தான். ஆறையும் கூட்டினால் ஒரு லட்சத்து 46 ஆயிரத்துச் சொச்சம் கன மீட்டர் வரும். முதலில் பெருக்கிய கணக்கில் இது 41 சதவீதம். மேல்மண், கிராவல் ஆழத்தையும், வண்டி இறங்கும் சரிவுப் பாதை பிடிக்கும் இடத்தையும் இன்னும் கழிக்கவில்லை.

நூறு கன அடி ஒரு யூனிட், அதாவது 2.83 கன மீட்டர். அப்படிப் பார்த்தால் உடைக்காத பாறை அளவில் சுமார் 52 ஆயிரம் யூனிட். ஐந்து வருடம், வருடத்துக்கு 300 நாள் வேலை என்றால் நாளைக்கு 35 யூனிட்டுக்குப் பக்கம். கம்ப்ரசர், ஜாக்ஹேமர், வெடி, ஹிட்டாச்சி வாடகை, சீனியரேஜ் (எடுக்கும் கல்லுக்கு அரசுக்குக் கட்டும் கட்டணம்), ஆள் கூலி, மேனேஜர் சம்பளம், அறிக்கைச் செலவு எல்லாவற்றையும் இந்த 35 யூனிட்டின் மேல் போட்டுப் பாருங்கள். நிற்கிறது என்றால் மட்டும் மேலே போங்கள். எங்கள் மச்சான் இந்தக் கணக்கைப் போட்டு முடித்த அன்று இரவு எங்கள் இருவருக்கும் தூக்கம் வரவில்லை. ஆனால் ஆரம்பத்திலேயே உண்மை தெரிந்துவிட்டதால் கடன் அளவாகத்தான் வாங்கினோம்.

விண்ணப்பம் போகும் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டா நிலத்துக்கு 1959-ம் வருட விதிகளின் 19-வது விதியில் மாவட்ட ஆட்சியருக்கு விண்ணப்பம். வருவாய்த் துறையும் கனிமவளத் துறையும் வந்து பார்த்து அறிக்கை கொடுக்கும். சரி என்றால் எந்த சர்வே நம்பரில் எவ்வளவு பரப்பு, என்னென்ன நிபந்தனை என்று ஆட்சியர் அலுவலகம் துல்லியப் பரப்புக் கடிதம் தரும். அதை வைத்துத் தகுதி பெற்றவர் ஒருவர் சுரங்கத் திட்டம் தயாரிப்பார். அது ஒப்புதலான பிறகு மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் சுற்றுச்சூழல் அனுமதிக்கு விண்ணப்பம். அனுமதி வந்த பிறகுதான் குத்தகை ஒப்பந்தம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு, சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்துக்குத் தகவல், வெடிமருந்துக்கான ஏற்பாடு எல்லாம். நடுவில் ஒரு வண்டிக் கல்கூட எடுக்கக் கூடாது. அனுமதி இல்லாமல் எடுத்த கனிமத்துக்கு அதன் முழு மதிப்பையும் வசூலிக்கலாம் என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வன அலுவலரின் கடிதமும் தேவைப்படும். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர்ப் பக்கம் தேவாங்கு சரணாலயம் 2022 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. எங்கள் காடு அங்கிருந்து வெகு தூரம். இருந்தாலும் தூரத்தை வனத்துறை எழுத்தில் சொன்னால்தான் குழு ஏற்கும்.

சுரங்கத் திட்டத்தையும் தாக்க அறிக்கையையும் நீங்களே வரி வரியாகப் படியுங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. முதலில் நாங்கள் பேசிய ஒரு நிறுவனம் கொடுத்த மாதிரி அறிக்கையில் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் வைகை ஓடுவதாக இருந்தது. மதுரைப் பக்கத்து அறிக்கை ஒன்றில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு, நாபெட் (ஆலோசகர்களுக்குத் தகுதிச் சான்று தரும் அமைப்பு) அங்கீகாரம் உள்ள வேறொரு ஆலோசகரிடம் போனோம். அவரிடம் முதல் நாளே ஒரு விஷயம் சொல்லிவிட்டோம்: காற்றுத் தூசி அளக்கும் கருவியை வைக்கும் இடங்களில் கிழக்குப் பக்கத்து முருங்கைத் தோட்டம் கட்டாயம் இருக்க வேண்டும்.

அதற்குக் காரணம் அந்தத் தோட்டத்துக்காரர். எங்கள் வட்டாரம் முருங்கைக்குப் பேர் போனது. விண்ணப்பம் போடுவதற்கு முன்பே நானும் மச்சானும் அவர் சாளைக்குப் போனோம். திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். நாங்கள் வந்த விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்:

"தம்பி, கல்லு உங்க காட்டுல இருக்குது, எடுத்துக்குங்க. ஆடிக் காத்துல புழுதி எங்க பக்கந்தானே வரும்? பூவுல படிஞ்சா பிஞ்சு நிக்காது. அதுக்கென்ன பண்ணுவீங்க?"

"அதைக் கேக்கத்தானுங்க ஐயா வந்தோம்" என்றான் மச்சான்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அவர் சொன்னதை வைத்துத்தான் எங்கள் திட்டத்தில் பாதி மாறியது. வண்டிப்பாதையைக் கிழக்குப் பக்கத்திலிருந்து மேற்கே மாற்றினோம். கிழக்கு எல்லையில் வேம்பும் புங்கனும் வாகையும் மூன்று வரிசை. துளை போடும்போது தண்ணீர் விட்டுப் போடுவது. ஆடியில் வெடி வைக்க வேண்டியிருந்தால் காற்று தணிந்த நேரம் பார்த்து. அவருடைய கிணற்றிலும் சுற்றியுள்ள மற்றக் கிணறுகளிலும் நீர்மட்டத்தை அளந்து, அவர் முன்னிலையிலேயே நோட்டில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டோம். குவாரி தொடங்குவதற்கு முந்தைய அளவு எழுத்தில் இல்லாவிட்டால், நாளைக்குக் கிணறு வற்றும்போது உங்களிடமும் ஆதாரம் இருக்காது, அவரிடமும் இருக்காது. அது இருவருக்குமே அநியாயம்.

மரக்கன்றுகளை அனுமதி வரும் வரை காத்திருக்காமல் நட்டுவிட்டோம். குவாரி வராமலே போனாலும் மரம் நஷ்டமில்லை.

கருத்துக் கேட்புக் கூட்டத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும். ஆட்சியர் அல்லது அவருடைய பிரதிநிதி தலைமை. 30 நாள் முன்பே பத்திரிகையில் அறிவிப்பு வரும். வரைவு அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் ஆட்சியர் அலுவலகம் உள்ளிட்ட இடங்களில் வைக்கப்படும். அந்தத் தமிழ்ச் சுருக்கம் பெரும்பாலும் யாருக்கும் புரியாத நடையில் வருகிறது. நாங்கள் ஆலோசகரிடம் கேட்டு, எத்தனை அடி ஆழம், நாளைக்கு எத்தனை நடை வண்டி, எந்த ரோட்டில், வெடி எந்த நேரம் என்று ஊர்க்காரர் கேட்கும் வரிசையிலேயே எழுதிக் கொடுத்தோம்.

கூட்டத்துக்கு ஆள் வருமா என்பதே எங்களுக்குக் கவலையாக இருந்தது. 2022 செப்டம்பரில் எங்கள் மாவட்டத்திலேயே கே.பரமத்திப் பக்கம் சட்டவிரோதக் குவாரிக்கு எதிராகப் போராடிவந்த விவசாயி ஒருவர் வண்டி மோதி இறந்து, அது கொலை வழக்கானது. அதற்கு அப்புறம் குவாரி என்ற வார்த்தையைக் கேட்டாலே மக்கள் ஒதுங்கிப் போனார்கள். அந்தப் பயம் நியாயமானது. அதனால் கூட்டத்துக்கு முன்பே சாளை சாளையாகப் போய், "எதிர்த்துப் பேசுறதுன்னாலும் தாராளமா வந்து பேசுங்க, எங்களால ஒரு தொந்தரவும் வராது" என்று சொன்னோம். வந்தார்கள். ஒரு அம்மா எழுந்து, "பள்ளிக்கூடத்து முன்னாடி எத்தனை வண்டி போகும்?" என்று கேட்டார். நாளைக்கு 35 யூனிட் என்றால் 250 டன். 20 டன் டிப்பரில் 13 நடை, போக வர 26 தடவை. இந்தக் கணக்கைச் சொல்லி, பள்ளி விடும் நேரத்திலும் கூடும் நேரத்திலும் வண்டி ஓடாது என்று எழுதிக் கொடுத்தோம். கேட்ட கேள்விகளையும் நாம் சொன்ன பதில்களையும் கூட்டத்தின் முடிவில் வாசித்துக் காட்டுவார்கள். அது அப்படியே குழுவுக்குப் போகும். பேச்சு வாக்கில் சொன்ன வாக்குறுதியும் பின்னால் நிபந்தனையாக வந்து நிற்கும் என்பதால் முடிந்ததை மட்டும் சொல்லுங்கள்.

சென்னை சைதாப்பேட்டைப் பனகல் மாளிகையில் உள்ள மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம்தான் கடைசியாக முடிவெடுக்கும். அதற்கு முன் வல்லுநர் குழு முன்னால் விளக்க வேண்டும். ஆலோசகர் பேசுவார், ஆனால் கேள்வி உங்களைப் பார்த்தும் வரும். வேலி போட்ட வீடியோ, கிணறுகளின் பட்டியல், சாளைகளின் பட்டியல், பெஞ்ச் வரைபடம் எல்லாம் தயாராக இருந்ததால் எங்களுக்குப் பதில் சொல்வது சுலபமாக இருந்தது. அதிகம் கேட்டது வெடி அதிர்வைப் பற்றி. சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் 1997 சுற்றறிக்கைப்படி, நம்முடையதல்லாத வீடுகளில் அதிர்வு, அலைவெண் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தால் விநாடிக்கு 5 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. ஒரே நேரத்தில் எவ்வளவு வெடிமருந்து வெடிக்கிறது என்பதைக் குறைத்தால்தான் இது கைக்கு அடங்கும். துளைகளை நோனெல் (மின்சாரம் இல்லாமல் வெடியைத் தூண்டும் குழாய்) மூலம் மில்லிசெகண்ட் இடைவெளி விட்டு வெடிக்கிறோம். பெரிய கல் விழுந்தால் மறுபடி வெடி வைப்பதில்லை, பிரேக்கர் வைத்து உடைக்கிறோம். கொஞ்சம் செலவு கூட. கல் பறந்து யார் மேலும் விழவில்லை.

வேலை தொடங்கிய பிறகு வரும் பெரிய சபலம் பெஞ்சை விடாமல் நேராக இறங்குவது. கீழே நல்ல கல் தெரியும்போது ஓரத்தில் நிற்கும் கல் வீணாகப் போவதாகத் தோன்றும். 2022 மே 14 இரவு திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளத்தில் ஆழமான குவாரியில் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கினார்கள். நான்கு பேர் பிழைக்கவில்லை. 2025 மே மாதம் சிவகங்கை மாவட்டம் மல்லாக்கோட்டையிலும் பாறை சரிந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்தச் செய்திகளைப் படித்த பிறகும் ஓரக் கல்லைச் சுரண்டச் சொல்லும் முதலாளியை என்னால் மன்னிக்க முடியாது. எங்கள் குவாரியில் மழை பெய்த மறுநாள் மேட் (வேலையாட்களை மேற்பார்வை பார்ப்பவர்) முதலில் சுவரைப் பார்த்து, தொங்கும் கல்லைத் தட்டி விழவைத்த பிறகுதான் ஆள் இறங்கும்.

ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் அரையாண்டு இணக்க அறிக்கை கொடுக்க வேண்டும். இதை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். பின்னால் புதுப்பிக்கவோ விரிவாக்கவோ போகும்போது, பழைய நிபந்தனைகளை நிறைவேற்றினீர்களா என்றுதான் முதலில் கேட்பார்கள். கிணற்று நோட்டு, தண்ணீர் தெளித்த கணக்கு, வெடிப் பதிவேடு, மரங்களின் போட்டோ எல்லாம் மாதாமாதம் ஒரு ஃபைலில் போய்க்கொண்டிருந்தால் அந்த அறிக்கை அரை நாள் வேலை.

ஒரு ஏக்கர் மட்டும் வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள். மேலே சொன்ன கணக்கையே போட்டுப் பாருங்கள். 63 மீட்டர் சதுரம் என்றால், நான்கு பக்கமும் 7.5 விட்டதும் 48 மீட்டர்தான் மிஞ்சும். 20 மீட்டர் ஆழத்தில் நான்காவது பெஞ்ச் 18 மீட்டர் சதுரமாகிவிடும். வண்டி திரும்பவே இடம் பத்தாது. மொத்தம் 24 ஆயிரத்துச் சொச்சம் கன மீட்டர். இதற்கும் அதே அறிக்கை, அதே மேனேஜர், அதே சென்னைப் பயணம். பக்கத்துப் பட்டாதாரரும் சம்மதித்து ஒரே விண்ணப்பமாகப் போட முடிந்தால், நடுவில் விடும் 7.5 மீட்டர் மிச்சமாகும், பெஞ்சும் அகலமாக வரும். இல்லாவிட்டால் அந்த ஒரு ஏக்கரில் குவாரி வேண்டாம். முருங்கை வையுங்கள், எங்கள் மண்ணுக்கு அது நன்றாக வருகிறது.